அரிவாள் காக்கும் பாசி

பாசி என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வழுக்கல்தான். ஊரில் என்றால் குளத்துப் படிக்கட்டு, கிணற்றடிக் கல். மும்பையில் என்றால் ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டதும் பச்சை பூசிக்கொள்ளும் சாலின் பின்சுவரும் குழாயடித் தரையும். "பார்த்துக் காலை வை, பாசி பிடிச்சிருக்கு" என்று பிள்ளைகளை எச்சரிக்காத தாய் இருக்க மாட்டாள். பிளீச்சிங் பவுடரைத் தூவி, துடைப்பத்தால் தேய்த்துத் தள்ள வேண்டிய ஒன்று என்பதற்கு மேல் பாசிக்கு நம்மிடம் மரியாதை கிடையாது.

ஆனால் ஒரு வகைப் பாசியின் பெயர் ஐரோப்பாவின் சட்டப் புத்தகத்திலேயே ஏறியிருக்கிறது. அதைப் பாதுகாக்க நிலம் ஒதுக்கியிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தார் சேற்றில் மண்டியிட்டு அதன் வளர்ச்சியை அளக்கிறார்கள். அது வாழும் சதுப்புப் புல்வெளிகளில் ஆண்டுதோறும் புல் அறுக்கும் விவசாயிக்குப் பல நாடுகளில் அரசாங்கம் பணம் கொடுக்கிறது. அறுக்காவிட்டால் அந்தப் பாசி செத்துவிடும் என்பதுதான் காரணம்.

காட்டையும் விலங்கையும் காப்பாற்ற வேண்டுமானால் மனிதன் அந்தப் பக்கம் போகாமல் இருந்தாலே போதும் என்று நாம் நினைக்கிறோம். இந்தப் பாசியின் கதை வேறு. மனிதன் வந்ததால் அது பாதி அழிந்தது. மீதியில் ஒரு பங்கு, மனிதன் ஊரை விட்டுப் போனதால் அழிந்தது.

இரண்டு பாசிகள்

முதலில் ஒரு விளக்கம். தமிழில் பாசி என்ற ஒரே பெயரால் நாம் இரண்டு வேறு இனங்களைக் குறிப்பிடுகிறோம். குளத்து நீரில் மிதப்பதும், படிக்கட்டில் கொழகொழவென்று ஒட்டியிருப்பதும் ஒன்று. அதற்கு இலை, தண்டு எதுவும் இல்லை. மழைக்காலத்துச் சுவரிலும் பழைய ஓட்டிலும் வெல்வெட் துணி விரித்தாற்போல் படர்வது இன்னொன்று. அதைக் கிள்ளி எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் குட்டித் தண்டும், அதைச் சுற்றி நெருக்கமாக நூற்றுக்கணக்கான குட்டி இலைகளும் தெரியும். இங்கே சொல்லப்போவது இந்த இரண்டாவது இனத்தைச் சேர்ந்த ஒரு பாசியைப் பற்றி.

இந்த இனத்துக்கு வேர் கிடையாது. மண்ணைப் பற்றிக்கொள்ள மயிர் போன்ற இழைகள் மட்டும் சிலவற்றில் உண்டு. பூ இல்லை, காய் இல்லை, விதை இல்லை. நெற்பயிர் வேரால் தண்ணீர் குடிக்கிறது. பாசியோ உடம்பு முழுவதாலும் குடிக்கிறது. இலை பெரும்பாலும் ஒரே ஓர் உயிரணுக் கனம்தான் இருக்கும். ஆகவே தண்ணீரில் என்ன கலந்திருக்கிறதோ அது நேராக உடம்பில் ஏறிவிடும். வடிகட்ட வழியில்லை. நல்ல தண்ணீர் வந்தால் வாழும். கெட்ட தண்ணீர் வந்தால் மற்ற செடிகளுக்கெல்லாம் முன்னால் சாகும்.

கொக்கிப் பாசி

நமது கதாநாயகனின் விஞ்ஞானப் பெயர் ஹமாட்டோகாலிஸ் வெர்னிகோசஸ். பெயர் நீளமாக இருந்தாலும் பொருள் எளிது. முதல் சொல்லுக்குக் கொக்கித் தண்டு என்று பொருள். இரண்டாவது சொல்லுக்கு வார்னிஷ் அடித்தது என்று பொருள். ஆங்கிலேயர்களும் இதை வார்னிஷ் அடித்த கொக்கிப் பாசி என்றே அழைக்கிறார்கள். நாம் கொக்கிப் பாசி என்று வைத்துக்கொள்ளலாம்.

தண்டின் நுனி கைத்தடியின் பிடி போல் வளைந்திருக்கும். இலைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி, கதிர் அரிவாள் போல் வளைந்து நிற்கும். இலையில் நீளவாக்கில் மடிப்புகள் ஓடும். அடிப்பாகத்தில் இலேசான சிவப்பு இருக்கும். நிறம் பச்சை, மஞ்சள் கலந்த பச்சை, சில இடங்களில் பழுப்பு. ஈரத்தில் பார்த்தால் மெருகு போட்டது போல் பளபளக்கும்.

ஐரோப்பாவின் பல நாடுகளிலும், வட ஆசியாவிலும், வட அமெரிக்காவிலும் இது இருக்கிறது. வடக்கே சுவீடன் போன்ற நாடுகளில் இன்றும் ஓரளவு தாராளமாகக் கிடைக்கிறது. தெற்கே ஜெர்மனி, செக் நாடு, சுவிட்சர்லாந்து என்று வர வர, இடத்துக்கு இடம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரு துண்டு என்றால் ஏக்கர் கணக்கில் நினைக்க வேண்டாம். ஒரு கோரைப் பாய் அகலத்துக்குப் படர்ந்திருந்தாலே சில இடங்களில் பெரிய விஷயம்.

கல்யாணம் ஆகாத குடும்பம்

கொக்கிப் பாசியில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. ஆண் செடியிலிருந்து புறப்படும் உயிரணு, தண்ணீரில் நீந்திப் பெண் செடியை அடைய வேண்டும். நீந்தக்கூடிய தூரமோ மிகவும் குறைவு. ஆணும் பெண்ணும் அருகருகே இருந்து, நடுவில் தண்ணீரும் சரியாக அமைந்தால்தான் காரியம் நடக்கும். நடந்தால் மெல்லிய காம்பின் நுனியில் ஒரு சிறு குப்பி தோன்றும். அதிலிருந்து தூள் போன்ற வித்துகள் காற்றில் பறக்கும்.

இந்தக் குப்பியைக் கொக்கிப் பாசியில் காண்பது அபூர்வம். அப்படியானால் எப்படிப் பெருகுகிறது? ஒடிந்த தண்டுத் துண்டு சேற்றில் விழுந்து அங்கேயே தழைக்கிறது. முருங்கைப் போத்தை நட்டால் வளர்வது போலத்தான். இதனால் இருக்கிற இடத்தில் மெல்ல மெல்லப் பரவ முடிகிறது. ஆனால் பத்து மைல் தாண்டி வேறொரு சதுப்புக்குக் குடிபோவது அதற்கு எளிதல்ல. ஓரிடத்தில் அழிந்தால், அங்கே அது தானாகத் திரும்பி வரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

மருந்துக் கடைக்காரர் வைத்த பெயர்

இந்தப் பாசிக்கு இன்று வழங்கும் பெயரோடு இரண்டு மனிதர்களின் பெயர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒருவர் வில்லியம் மிட்டன் (1819–1906). இங்கிலாந்தில் சசெக்ஸ் பகுதியில் ஹர்ஸ்ட்பியர்பாயின்ட் என்ற சிற்றூரில் மருந்துக் கடை வைத்திருந்தவர். பகலில் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டே பாசி ஆராய்ச்சியில் உலகப் பெயர் பெற்றார். டார்வினோடு ஒரே காலத்தில் பரிணாமக் கொள்கையைக் கண்ட ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் இவருடைய மருமகன். மிட்டனுக்கும் நம் நாட்டுக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. 1859-ம் ஆண்டில் இந்தியாவின் பாசிகளைப் பற்றி அவர் ஒரு பெரிய நூல் எழுதினார். பிறர் சேகரித்து அனுப்பிய உலர்ந்த பாசிகளை வைத்துக்கொண்டே அவர் இத்தகைய வேலைகளைச் செய்தார்.

இன்னொருவர் சுவீடன் நாட்டு லார்ஸ் ஹெடனாஸ். ஸ்டாக்ஹோமில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர். 1989-ல் இந்தப் பாசியை அதன் பழைய கூட்டத்திலிருந்து பிரித்துத் தனிக் குடும்பப் பெயர் கொடுத்தவர் அவர்தான்.

ஆளை அடையாளம் காண்பது சுலபமல்ல. கொக்கி போல் வளைந்த நுனியும் அரிவாள் போன்ற இலையும் உள்ள வேறு பாசிகள் அதே சதுப்பில் அதன் பக்கத்திலேயே வளர்கின்றன. நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் தண்டைப் பிளேடால் குறுக்கே மெல்லியதாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். மற்றவற்றின் தண்டில் நடுமையத்தில் சிறு அணுக்கள் சேர்ந்த ஓர் இழை தெரியும். கொக்கிப் பாசியில் அது இருக்காது. இந்தச் சோதனை செய்யாமல் எழுதிவைத்த பழைய பதிவுகளில் பல, மறுபடி சோதித்தபோது வேறு பாசி என்று தெரிந்தது. பிரிட்டனில் இப்படி எத்தனையோ பதிவுகள் அடிபட்டுப் போயின. பிறகு முறையாகத் தேடியபோது, யாரும் எதிர்பாராத இடங்களில் உண்மையான கொக்கிப் பாசியும் கிடைத்தது.

அதோடும் முடியவில்லை. 2007-ல் ஹெடனாஸும் பெர்னிலா எல்டனாஸும் பல நாட்டு மாதிரிகளின் மரபுப் பொருளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும் இந்தப் பாசி, உள்ளுக்குள் இரண்டு தனி வம்சங்களாக இருப்பது தெரியவந்தது. ஆகவே ஓர் ஊரில் அழிந்ததற்கு ஈடாக இன்னொரு ஊரில் இருப்பதைக் கணக்குக் காட்ட முடியாது.

ஏழை மண்ணில் வாழ்வு

கொக்கிப் பாசி எந்தச் சதுப்பிலும் வளராது. நிலத்தடி ஊற்று மெல்லக் கசிந்து, வருடம் முழுவதும் தரைமட்டத்திலேயே தண்ணீர் நிற்கும் இடம் வேண்டும். அந்தத் தண்ணீரில் தாது உப்புகள் கொஞ்சம் இருக்க வேண்டும். சுண்ணாம்பு மிகுந்துவிடக் கூடாது. புளிப்பும் ஏறிவிடக் கூடாது. பல இடங்களில் அந்தத் தண்ணீரில் இரும்புச் சத்து இருப்பதைப் பார்க்கலாம். பழைய தகர வாளியில் நின்ற தண்ணீர் போலத் துரு நிறப் படலம் மேலே மிதக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே உரச்சத்து குறைவாக இருக்க வேண்டும். இது பலருக்கு விந்தையாகத் தோன்றலாம். உரம் இருந்தால் செடி நன்றாக வளரும் என்பதுதானே நாம் அறிந்தது? வளரும். ஆனால் எந்தச் செடி வளரும் என்பதுதான் கேள்வி. உரம் கிடைத்தால் கோரையும் நாணலும் உயரப் புல்லும் ஆள் உயரம் எழும்பும். விரலளவு உயரமே உள்ள பாசி அவற்றின் நிழலில் மூச்சு முட்டிப் போகும். மண் ஏழையாக இருக்கும் வரைதான் சிறியவனுக்கு அங்கே இடம்.

இத்தகைய சதுப்புகளில் செத்த செடிகள் முழுக்க மக்குவதில்லை. தண்ணீருக்குள் காற்று புகாததால், அவை கரும்பழுப்பு நிறத்தில் அடுக்கடுக்காகப் படிந்துவிடும். பீட் என்று இதற்குப் பெயர். அந்த அடுக்குகளைத் தோண்டிப் பார்த்தவர்கள், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கொக்கிப் பாசியின் இலைகளை அடையாளம் தெரியும் நிலையிலேயே எடுத்திருக்கிறார்கள். அவ்வளவு பழைய குடி அது.

ரயில் கொண்டுவந்த புல்வெளி

இனி மனிதனின் பங்கைப் பார்ப்போம். முதல் பங்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். சதுப்பு நிலம் என்றால் வீண் நிலம் என்று கருதி, கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். பீட்டை வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்தார்கள். சுவிட்சர்லாந்தில் 1800-ம் ஆண்டுக்குப் பிறகு சதுப்புகளில் சுமார் 90 சதவீதம் அழிந்துவிட்டது. ஜெர்மனியின் கணக்கும் இதற்குக் குறைந்ததல்ல. கொக்கிப் பாசி இழந்த வீடுகளில் பெரும்பாலானவை இப்படிப் போனவையே.

வடிக்க முடியாமல் மிஞ்சிய ஈர நிலங்களில் என்ன நடந்தது என்பதுதான் சுவாரசியமான பகுதி. அங்கே ஒரு காலத்தில் மனிதன் அரிவாளோடு இறங்கினான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் பாதைகள் வந்தன. தூர தேசத்து மலிவுத் தானியம் ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஊர்களுக்கு ரயிலில் வந்து இறங்கியது. அங்கே தானியம் பயிரிட்டுக் கட்டுப்படியாகவில்லை. விவசாயிகள் வயலைப் புல்வெளியாக்கி மாடு வளர்க்கத் தொடங்கினார்கள். பாலும் பாலாடைக்கட்டியும் அதே ரயிலில் நகரங்களுக்குப் போயின. ஆனால் தானியம் நின்றதால் வைக்கோலும் நின்றுவிட்டது. குளிர்காலம் முழுவதும் தொழுவத்திலேயே நிற்கும் மாட்டுக்கு அடியில் பரப்ப எதை எடுப்பது?

அதற்குத்தான் சதுப்பு கைகொடுத்தது. மாடு தின்னாத கோரையும் முரட்டுப் புல்லும் அங்கே நிறைய இருந்தன. இலையுதிர் காலத்தில், அவை காய்ந்து பழுத்த பிறகு, நீண்ட பிடி போட்ட பெரிய அரிவாளால் அறுத்து, கட்டுக் கட்டாகச் சுமந்து வந்து தொழுவத்தில் பரப்பினார்கள். தெற்கு பவேரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் இதற்கென்றே சதுப்புகளை வருடாவருடம் விட்டுவைத்தார்கள். சுவீடனின் வடபகுதியில் மாட்டுத் தீவனத்துக்கே சதுப்புப் புல்லை அறுத்தார்கள்.

உரம் போடாமல் ஆண்டுதோறும் அறுத்து எடுத்துக்கொண்டே போனதால், மண்ணிலிருந்த கொஞ்சநஞ்சச் சத்தும் புல்லோடு வெளியேறியது. தரை வெளிச்சமாக இருந்தது. கோரைத் தூர்களுக்கு நடுவே கொக்கிப் பாசி நிம்மதியாகப் படர்ந்தது. அறுத்தவனுக்கு அந்தப் பாசியின் பெயர் தெரியாது. மாட்டுக்குப் படுக்கை போட்டவன், தன்னை அறியாமலே ஒரு பாசிக்கும் பாய் விரித்துக் கொடுத்தான்.

ஆள் போன ஊர்

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு இந்த ஏற்பாடு குலைந்தது. தொழுவங்கள் மாறின. சிமெண்டுத் தரையும் கம்பித் தளமும் வந்தன. சாணத்தைத் தண்ணீரோடு கரைத்துக் குழாயில் இறைத்தார்கள். படுக்கைப் புல் தேவைப்படவில்லை. செயற்கை உரம் மலிந்தது. முழங்கால் சேற்றில் நின்று நாள் முழுக்க அரிவாள் வீசும் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. இளைஞர்கள் தொழிற்சாலைக்கும் நகரத்துக்கும் போய்விட்டார்கள். சுவீடனில் 1950-களோடு சதுப்புப் புல் அறுப்பு ஏறத்தாழ முடிந்துவிட்டது.

செக் நாட்டின் எல்லைப் பகுதிகளில் நடந்தது இன்னும் கடுமை. யுத்தம் முடிந்ததும் அங்கிருந்த ஜெர்மன் மொழிக் குடும்பங்கள் லட்சக்கணக்கில் வெளியேற்றப்பட்டன. பல கிராமங்கள் காலியாயின. பின்னர் வந்த கூட்டுப் பண்ணைகள், இயந்திரம் போகும் நிலத்தை வடித்து உழுதன. இயந்திரம் இறங்காத சேற்று நிலத்தை அப்படியே விட்டுவிட்டன.

விட்ட நிலம் சும்மா இருக்கவில்லை. முதலில் நாணலும் உயரக் கோரையும் எழும்பின. பழைய புல் வருடாவருடம் சாய்ந்து, மெத்தை போல் தரையை மூடியது. அதன் பிறகு புதர், அப்புறம் மரக்கன்றுகள். ஊரை விட்டுப் பிழைக்கப் போனவர்களின் கொல்லை சில வருடங்களில் என்ன கோலமாகும் என்பது நம் வாசகர்கள் பலருக்குத் தெரிந்ததே. வேலிப்பருத்தியும் கருவேலும் மண்டி, வாசற்படி எது என்று தேட வேண்டியிருக்கும். அங்கேயும் அதுதான் நடந்தது. கொக்கிப் பாசி இருந்த இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருண்டன.

இங்கே ஒரு கேள்வி எழும். மனிதன் அரிவாள் பிடிப்பதற்கு முன் இந்தப் பாசி எப்படிப் பிழைத்தது? அன்று தண்ணீர் மட்டம் உயரமாக இருந்தது. எங்கும் கால்வாய் இல்லை. தண்ணீரில் உரம் இல்லை. உயரப் புல் எழும்ப முடியாத அளவுக்கு ஈரமும் வறுமையும் இருந்தன. இன்று பக்கத்து வயலின் உரம் மழைநீரோடு கசிந்து வருகிறது. வண்டிப் புகையிலிருந்தும் சாணக் குழிகளிலிருந்தும் எழும் நைட்ரஜன் காற்றிலேறி மழையோடு இறங்குகிறது. யாரும் உரம் போடாமலே சதுப்புக்கு உரம் விழுகிறது. அதனால்தான் அரிவாள் முன்னைவிட இன்று அதிகம் தேவைப்படுகிறது.

வேலி மட்டும் போதவில்லை

ஐரோப்பாவில் இயற்கைப் பாதுகாப்பு தொடங்கிய காலத்தில் பல இடங்களில் ஒரே மருந்துதான் இருந்தது. நிலத்தைச் சுற்றி எல்லை போடு, பலகை நடு, யாரையும் உள்ளே விடாதே. காட்டுக்கு அது சரி. அறுத்து வாழ்ந்த சதுப்புப் புல்வெளிக்கு அது எமனாயிற்று. பலகை பத்திரமாக இருந்தது. உள்ளே இருந்தது மண்டிப் போயிற்று.

இதைச் சோதனை செய்து பார்த்தவர்கள் செக் நாட்டில் தென் பொஹீமியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாஞா ஷ்டெகோவாவும் யான் குச்செராவும். கொக்கிப் பாசி வளரும் சதுப்புகளில் தண்ணீரின் தன்மையை அளந்தார்கள். நிலத்தில் சிறு சிறு கட்டங்கள் அமைத்து, புல் அறுப்பதால் என்ன பலன் என்றும், பாசி மூட்டத்தில் சிறு இடைவெளிகளை வெட்டிவிட்டால் என்ன பலன் என்றும் பார்த்தார்கள். அந்த முடிவுகள் 2007-ல் வெளியாயின. புல் அறுப்பது கொக்கிப் பாசிக்கு நல்லது என்பது அதில் தெளிவாயிற்று. நலிந்துபோன இடங்களில், மேலே மூடிய மூட்டத்தில் சிறு இடைவெளி உண்டாக்கிக் கொடுப்பதும் கைகொடுக்கும்.

போட்டிக்காரர்கள் புல் மட்டுமல்ல. வேறு பாசிகளும் உண்டு. சத்து ஏறிய தண்ணீரில் முரட்டுப் பாசிகள் வேகமாகப் பரவி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஸ்பாக்னம் என்ற பஞ்சு போன்ற பாசி, தான் வளரும் தண்ணீரைப் புளிப்பாக்கிவிடும். கொக்கிப் பாசிக்கு அது ஆகாது.

அறுப்பதிலும் முறை இருக்கிறது. அறுத்த புல்லை அங்கேயே போட்டுவிட்டு வரக் கூடாது. போட்டால் அது மக்கி உரமாகும், வந்த வேலை கெட்டுவிடும். கனத்த டிராக்டரை இறக்கக் கூடாது. சக்கரம் புதைந்த தடத்தில் தண்ணீர் ஓட்டம் மாறிவிடும். இலேசான கைஇயந்திரமோ பழைய அரிவாளோதான் சரி. பழைய வடிகால் இருந்தால் அதை அடைத்துத் தண்ணீரைத் தேக்க வேண்டும். தண்ணீர் சரியில்லாத இடத்தில் புல்லை மட்டும் அறுத்துப் பயனில்லை.

அரிவாள் செய்யும் வேலையைச் சில ஊர்களில் மாடே செய்கிறது. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியின் பிரெசெலி மலைச்சரிவு, கொக்கிப் பாசிக்காகவும் பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒன்று. இத்தகைய மலைகளில் மாடும் குதிரைக்குட்டியும் மேய்ந்து புல்லைக் கட்டையாக வைக்கின்றன. அவற்றின் குளம்பு பட்டுத் தரை இலேசாகக் கிளறப்படுகிறது. மந்தை அளவோடு இருந்தால் பாசிக்கு லாபம். மிதமிஞ்சினால் சேறாகிவிடும்.

ஓட்டுப் பெட்டியில் சதுப்பு

சட்டத்தின் பக்கம் வருவோம். 1992-ல் ஐரோப்பியக் கூட்டமைப்பு நாடுகள் இயற்கை வாழிடங்களுக்கென ஒரு பொதுச் சட்டம் செய்தன. எந்தெந்த உயிர்களுக்காக நிலம் ஒதுக்கியே தீர வேண்டும் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. கரடியும் ஓநாயும் நீர்நாயும் உள்ள அந்தப் பட்டியலில் விரலளவுள்ள கொக்கிப் பாசியும் இருக்கிறது. 1979-ம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையின் பட்டியலிலும் பின்னாளில் இது சேர்க்கப்பட்டது. 2019-ல் ஐரோப்பாவின் பாசி இனங்கள் சுமார் 1,800-ஐயும் ஆராய்ந்து ஓர் ஆபத்துப் பட்டியல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 22-க்கு மேல் அழியும் அபாயத்தில் இருப்பதாக அது சொன்னது. கொக்கிப் பாசி அதில் எளிதில் அழியக்கூடியது என்ற வரிசையில் இருக்கிறது.

சுவிட்சர்லாந்தில் சதுப்புகளின் பாதுகாப்பு மக்கள் கையாலேயே வந்தது. ரோத்தன்தூர்ம் என்ற ஊரின் சதுப்பில் ராணுவம் ஒரு பயிற்சி மைதானம் அமைக்க விரும்பியது. ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். விவகாரம் வளர்ந்து நாடு முழுவதும் வாக்கெடுப்புக்குப் போனது. 1987 டிசம்பர் 6-ந் தேதி, வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 57 பேருக்கு மேல் சதுப்பின் பக்கம் நின்றார்கள். தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புகளை அழிக்கக் கூடாது என்பது அந்நாட்டின் அரசியல் சாசனத்திலேயே ஏறிவிட்டது. மைதானத் திட்டம் கைவிடப்பட்டது.

சாசனம் நிலத்தைக் காக்கும். புல்லை யார் அறுப்பது? அதற்குத்தான் பணம். சுவிட்சர்லாந்தில் படுக்கைப் புல் வெளிகளை வைத்துப் பராமரிக்கும் விவசாயிக்கு அரசாங்கம் மானியம் தருகிறது. செப்டம்பர் 1-ந் தேதிக்கு முன் அரிவாள் வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. மற்ற ஐரோப்பிய நாடுகளிலும் இத்தகைய ஒப்பந்தங்கள் உண்டு. பெரும்பாலும் ஐந்து வருடம் போல ஒரு தவணை. உரம் போடாதே, வடிகால் வெட்டாதே, இன்ன காலத்தில் அறு, அறுத்ததை எடுத்துக்கொண்டு போ என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்.

இதனால் என்ன லாபம்?

மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கிற எவரும் கேட்கக்கூடிய கேள்வி இது. ஒரு பாசிக்காக இவ்வளவு செலவா? அதைத் தின்ன முடியுமா, விற்க முடியுமா?

முடியாது. ஆனால் சிக்னல் விளக்கை யாரும் தின்பதற்கோ விற்பதற்கோ வைத்திருக்கவில்லை. கொக்கிப் பாசி இருக்கிறது என்றால் அங்கே ஊற்று வற்றவில்லை, தண்ணீரில் உரமும் சாக்கடையும் கலக்கவில்லை என்று அர்த்தம். அது மறைந்தால் ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தம். அந்தச் செய்தியை எந்தப் பெரிய மரத்தையும்விட அது முன்கூட்டிச் சொல்லும்.

இரண்டாவது காரணம் பெரியது. உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதம்தான் பீட் படிந்த சதுப்பு. ஆனால் உலகத்துக் காடுகளின் மரங்கள் எல்லாம் சேர்த்து வைத்திருப்பதைவிட அதிகமான கரியைப் பீட் தனக்குள் பூட்டி வைத்திருக்கிறது. தண்ணீரை வடித்தால் அந்தப் பூட்டு திறந்துகொள்கிறது. பீட் காற்றுப் பட்டு மக்கி, கரியமில வாயுவாக வெளியேறுகிறது. பாசிக்காகத் தண்ணீரைத் தேக்கி வைத்தால் பூட்டும் பத்திரமாக இருக்கிறது.

நம் நாட்டிலும் பாசியின் பக்கம் பார்வை திரும்பத் தொடங்கியிருக்கிறது. இமயமலைச் சரிவுகளில் பழமும் நாற்றும் பொதிவதற்காகப் பாசியை மூட்டை மூட்டையாக உரித்தெடுப்பது நெடுநாளைய வழக்கம். அதே மலையில், நைனிடால் அருகே குர்பாத்தால் என்ற இடத்தில், உத்தரகாண்ட் வனத்துறை பாசிகளுக்கென்றே ஒரு தோட்டம் அமைத்தது. 2020 நவம்பரில் அதைத் திறந்து வைத்தவர், தண்ணீர் மனிதர் என்று பெயர் பெற்ற ராஜேந்திர சிங். இந்தியாவின் முதல் பாசித் தோட்டம் என்று அதைச் சொல்கிறார்கள்.

இனி யார் அறுப்பது?

கொக்கிப் பாசியைப் பொறுத்தவரை செய்ய வேண்டியது என்ன என்பது இன்று தெரிந்துவிட்டது. தண்ணீரை நிறுத்த வேண்டும், உரத்தைத் தடுக்க வேண்டும், புல்லை அறுக்க வேண்டும். இவற்றில் மூன்றாவதுதான் முடிவே இல்லாத வேலை. ஒரு வருடம் அறுத்துவிட்டு ஓய முடியாது. அடுத்த வருடமும் அறுக்க வேண்டும், அதற்கடுத்த வருடமும் அறுக்க வேண்டும்.

சில இடங்களில் இயற்கை ஆர்வலர் சங்கங்கள் விடுமுறை நாளில் மாணவர்களையும் தொண்டர்களையும் அழைத்து வந்து அறுக்கின்றன. வேறு இடங்களில் ஒப்பந்தக்காரர் வருகிறார். இன்னும் பல இடங்களில் அறுப்பவர் அந்த ஊரிலேயே தங்கிவிட்ட ஒரு வயதான விவசாயி. அவருடைய தாத்தா மாட்டுக்காக அறுத்த அதே சேற்றில், அவர் அரசாங்கத்தின் காசுக்காக அறுக்கிறார். பிள்ளைகள் நகரத்தில் வேலையில் இருக்கிறார்கள். ஐந்து வருடத் தவணை முடிந்து புதுக் காகிதம் வரும்போது, அதில் கையெழுத்துப் போட வீட்டில் ஆள் இருந்தால் அந்தச் சதுப்பில் கொக்கிப் பாசி இன்னும் ஐந்து வருடம் இருக்கும்.